பெட்டிக்கு ஒரு மெஷின்

எண்பதுகளின் பிற்பாதியில், ரெட்டியார்பாளையத்தில் நான் வேலை பார்த்த பட்டறையில் மிச்சமிருந்தவை ஒரு துளைபோடும் மெஷின், ஒரு சாணைக்கல், ஒரு பெட்டி. பெட்டி பீரோ உயரம், சாம்பல் நிறம். முகப்பில் வரிசையாகப் பொத்தான்கள், ஒரு சின்னத் திரை, ஓட்டை போட்ட காகித நாடாவை விழுங்குவதற்கு ஒரு வாய். அதை ஒரு மில்லிங் மெஷினோடு இணைத்துவிட்டால், மெஷின் ஆள் கைபடாமல் தானே வேலை செய்யும் என்றார்கள். இணைப்பதற்கு எங்களிடம் மில்லிங் மெஷின் இல்லை.

மில்லிங் மெஷின் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இரும்புத் துண்டை ஒரு மேஜைமேல் இறுக்கிக்கொள்ள வேண்டும். மேலே வெட்டுக்கத்தி ஒரே இடத்தில் நின்று சுழலும். கீழே மேஜையைக் கைப்பிடி சுற்றி இப்படியும் அப்படியும் நகர்த்தினால் கத்தி இரும்பைச் சீவிக்கொண்டே வரும். கைப்பிடி சுற்றுகிற ஆளுக்குப் பதிலாகத்தான் அந்தப் பெட்டி.

பெட்டியைக் கொண்டுவந்தவர் முதலாளியின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. பாரீசுக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே பழைய மெஷின் ஒன்றைக் கழித்துக் கட்டியபோது, முழு மெஷினையும் கப்பலேற்ற முடியாது என்று அதன் மூளையை மட்டும் கழற்றி அனுப்பிவிட்டார். கூடவே மோட்டார்களும், கண்ணாடிபோல் மின்னும் நீளமான திருகுகளும் வந்தன. துறைமுகத்தில் வரி கட்டி அவற்றை இறக்கி எடுக்க முதலாளி பட்டறையின் லேத்தை, இரும்பு கடைகிற மெஷினை, விற்றார். எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது அந்த லேத்துதான். பெட்டி வந்த பிறகு லேத் எதற்கு என்பது அவர் கணக்கு.

அந்த லேத்தில் நின்றவர் பாய். முத்தியால்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். லேத் போன பிறகும் தினமும் நேரத்துக்கு வந்து, அது இருந்த இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்.

"இன்னா பாய், இங்கயே குந்தியிருக்க?" என்று கேட்டேன்.

"பழக்கம்பா. வேற எங்க குந்தினாலும் கதவு தெரியல."

நான் அந்தப் பட்டறைக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஒரு லாரி. விழுப்புரத்தில் ஏறினேன். ரெட்டியார்பாளையத்தில் அதன் அச்சு முறிந்தது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எழுபதுகள் முழுக்கத் தூத்துக்குடியில் உப்பு வாரியும், சேலத்தில் லாரிக்கு அடியில் படுத்துக் கிரீஸ் அடித்தும் ஓடிவிட்டன. முறிந்த அச்சைச் சரிசெய்ய இந்தப் பட்டறைக்குத் தூக்கி வந்தவன், அப்படியே தங்கிவிட்டேன். படுக்க இடமும் காலையில் ரொட்டியும் கிடைத்தன. பெட்டி வந்த மரக்கூட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் படுத்துக்கொண்டேன். அதில் பிரெஞ்சில் ஏதோ எழுதியிருந்தது. முதலாளி படித்துச் சொன்னார்: "கவிழ்க்காதே."

மச்சான் ஒரு மாத விடுமுறையில் வந்திருந்தார். பெட்டியின் ஒயர்களை எதோடு எதைச் சேர்ப்பது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதைச் சொல்லும் புத்தகத்தைப் பாரீஸ் வீட்டு அலமாரியிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். மாதம் முடிவதற்குள் ஒரு பழைய மில்லிங் மெஷின் கிடைத்து, அவர் கையாலேயே இணைத்துவிட்டுப் போனால் பட்டறை பிழைக்கும். இல்லாவிட்டால் அவருடைய அடுத்த விடுமுறை வரை, அது மூன்று வருடமோ நான்கு வருடமோ, பெட்டி பெட்டியாகத்தான் நிற்கும். லேத்தும் இல்லை. முதலாளியின் மனைவி ஒருநாள் பட்டறைக்கு வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உள்ள தட்டு வெச்சா பொடவ மடிச்சி வெக்கலாம்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. வீட்டில் பீரோ இல்லை.

மெஷின் தேடப் புறப்படுவதற்கு முன் மச்சான் எங்களை உட்காரவைத்துப் பாடம் சொன்னார்.

"திருகு தேஞ்சிருந்தா கவலையில்ல மாமா. நல்ல திருகு நான் கொண்டாந்துட்டேன். மோட்டார் எரிஞ்சிருந்தாலும் கவலையில்ல. மேஜை எது மேல வழுக்கிட்டு ஓடுதோ அந்தத் தடம் இருக்கு பாருங்க, அது தேஞ்சிருக்கக் கூடாது. அதுதான் ரோடு. ரோடு குண்டும் குழியுமா இருந்தா டிரைவர் பாரீசுலேர்ந்து வந்தாலும் வண்டி குதிக்கத்தான் குதிக்கும்."

"அப்ப நாம ரோடு பார்க்கப் போறோம்," என்றார் பாய்.

திருகின் நீளத்துக்கு ஒரு மூங்கில் குச்சியை வெட்டி என்னிடம் கொடுத்தார்கள். மேஜை அந்தக் குச்சிக்குப் பொருந்த வேண்டும். மச்சான் ஒரு டயல் கேஜைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். கைக்கடிகாரம்போல முகம், கீழே ஒரு மூக்கு. மூக்கை இரும்பில் வைத்து நகர்த்தினால் மேடு பள்ளத்துக்கு ஏற்ப முள் ஆடும். ராகு காலம் கழித்து, தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு நான்கு பேரும் கிளம்பினோம். மூன்று பேராகப் போகக் கூடாது என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

முதலில் போனது பாதி மூடிக் கிடந்த ஒரு பஞ்சாலைக்கு. பிரெஞ்சுக்காரன் காலத்து மெஷின் ஒன்று ஏலத்துக்கு நின்றது. யானைக் கால், யானை இடுப்பு. நாங்கள் வருவது தெரிந்து காலையில்தான் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். மச்சான் ஆசையாக அதன்மேல் கை ஊன்றிச் சாய்ந்தார். வெள்ளைப் பேண்ட் பச்சையாகிவிட்டது.

ஆலையின் சாமான் கிடங்கைப் பார்க்கும் ஸ்டோர்காரர் புகழ்ந்துகொண்டே இருந்தார். "இது மாதிரி கனம் இப்ப யாரு சார் போடறா? பீரங்கி செய்யற இரும்பு."

டயல் கேஜை வைத்துக் கைப்பிடியைச் சுற்றினார்கள். முள் ஒரு சுற்று முழுசாகச் சுற்றி, மறுபடி சுற்றக் கிளம்பியது.

"முசே, உங்க கடிகாரத்துல மணி என்னா?" என்றார் பாய். பாரீஸ்காரர் என்பதால் மச்சான் அவருக்கு "முசே", அதாவது பிரெஞ்சில் ஐயா.

மச்சான் கேஜைத் துண்டில் சுற்றினார். "இது ரோடு இல்ல பாய். ஆறு."

அடுத்தது லாஸ்பேட்டையில், பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் ஒரு கூடத்தில். அடக்கமான மெஷின், துடைத்து வைத்திருந்தார்கள். மூங்கில் குச்சி சரியாகப் பொருந்தியது. முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. மேஜையை இடது ஓரத்துக்குத் தள்ளி கேஜை வைத்தார்கள். முள் அசையவில்லை. வலது ஓரத்தில் வைத்தார்கள். அங்கும் அசையவில்லை. நடுவுக்கு வந்தபோது மேஜை திடீரென்று ஆடும் பல்லைப்போல ஆடியது.

பாடம் எடுக்கும் வாத்தியார் பெருமையோடு காரணம் சொன்னார். "பரீட்சைக்கு வருசா வருசம் ஒரே ஜாப்தான் சார். இரும்புக் கட்டையில ஒரு காடி, நீளமா ஒரு பள்ளம். மெஷின் வந்த நாள்லேர்ந்து எல்லாப் பசங்களும் அதே எடத்துலதான் அந்தக் காடியப் போட்டிருக்கானுங்க. ஒரு பய எடம் மாறல."

நடுவில் ஆட்டம் போகும்படி இறுக்கினால் ஓரங்களில் மேஜை சிக்கிக்கொண்டது. ஓரங்களில் ஓடும்படி தளர்த்தினால் நடுவில் ஆடியது. மச்சான் இறுக்கியும் தளர்த்தியும் பார்த்து வியர்த்துப் போனார். வாத்தியாருக்கு இரக்கம் வந்துவிட்டது.

"ஒண்ணு பண்ணுங்க சார். நடுவ உட்டுடுங்க. ரெண்டு ஓரத்துலயும் செய்யுங்க. ஓரம்லாம் புதுசு."

திரும்பி வரும்போது முதலாளி மூங்கில் குச்சியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு கேட்டார்: "ஏன் மச்சான், ஓரத்துல செய்ய முடியாதா?"

"மாமா, இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரத்துக்கு எப்பிடி போவீங்க?"

"சரிதான்," என்றார் முதலாளி. ஆனாலும் வீடு வரும்வரை அவர் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தார். விடுமுறையில் பாதி போய்விட்டிருந்தது. எனக்குக் காலை ரொட்டி பாதியாகியிருந்தது.

மூன்றாவது மெஷினைப் பற்றித் தகவல் கொண்டுவந்தவர் பாயின் சகலை. மீனவர் ஊர்களுக்குக் கயிறு விற்பவர். கனகசெட்டிக்குளத்தில் ஒரு அம்மா படகைக் கரைக்கு இழுக்கிற கயிற்றை ஒரு மெஷினில் கட்டியிருப்பதாகவும், அதில் கைப்பிடிகள் இருப்பதாகவும் சொன்னார்.

பஸ்ஸில் போனோம். கடற்கரையில் ஒரு கீற்றுக் கொட்டகைக்குக் கீழே, முழங்கால் வரை மணலில் புதைந்து, நிஜமாகவே ஒரு மில்லிங் மெஷின் நின்றிருந்தது. இடுப்பைச் சுற்றிக் கை கனத்துக்கு ஒரு கயிறு. மேஜையில் வலை குவித்திருந்தது. மெஷின் முழுக்கக் கருப்பாக ஏதோ பொருக்குத் தட்டியிருந்தது. அதிலிருந்து வந்த வாடைக்கு மச்சான் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

படகுக்கார அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்களையும் தட்டையும் பார்த்தாள்.

"கரண்டு ஆபீசா?"

"இல்லம்மா," என்றார் முதலாளி.

"கரண்டு ஆபீசுன்னா போயிடுங்க. கரண்டு வரும் வரும்னு பார்த்து என் மருமவன் துபாய்க்கே போயிட்டான்."

மருமகன் லாஞ்சு எஞ்சின் ரிப்பேருக்குப் பட்டறை போடுவதற்காகப் புத்தம் புதிதாக வாங்கிய மெஷின் அது. அதற்கு வேண்டிய மின்சாரம் கடைசிவரை அந்தக் கரைக்கு வரவில்லை. ஒரு தடவைகூட ஓடவில்லை.

"கருப்பா பூசியிருக்கே, இது இன்னாம்மா?" என்று கேட்டார் மச்சான்.

"மீன் எண்ண. வருசா வருசம் போட்டுக்குப் பூசறப்ப இதுக்கும் ஒரு கை பூசுவோம். கரையில நிக்கற சாமான் தான?"

மச்சான் பேனாக் கத்தியால் மேஜைக்கு அடியில் பொருக்கைச் சுரண்டினார். பிறகு மண்டியிட்டார். பிறகு கைக்குட்டையை மறந்து மணலில் மல்லாந்து படுத்துவிட்டார். தொழிற்சாலையில் தடத்தைச் சுரண்டிச் சமன் செய்யும்போது விழுகிற சின்னச் சின்னப் பிறைகள் அப்படியே இருந்தன. ஒரு பிறைகூட அழியவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி மேஜையை நகர்த்தி, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கேஜை ஓட்டினார்கள். முள் அசையவில்லை. மச்சான் கேஜைத் தட்டிப் பார்த்தார்.

"முள்ளு மயக்கம் போட்டுடுச்சா முசே?" என்றார் பாய்.

"இல்ல பாய். இதுதான் ரோடு."

குச்சியும் பொருந்தியது. முதலாளி தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். அந்த அம்மா வாங்கவில்லை.

"இத எடுத்துட்டா என் போட்ட எதுல கட்டி இழுப்பேன்? முன்ன கட்டின தென்னமரம் புயல்ல போச்சு. உங்க பேண்டுக்காரர் கால்லயா கட்டறது?"

"காங்கிரீட்டுல பெருசா ஒரு தூண் போட்டுத் தரேன்மா."

"தூண் கயித்த அறுக்கும். இதுல கொக்கி மாட்ட எடம் இருக்கு, சுத்தறதுக்கு கைப்பிடி இருக்கு, வலை பிரிக்க மேஜை இருக்கு. எனக்கும் இது மாரியே ஒண்ணு வேணும். குடுத்துட்டு எடுத்துனு போ."

ஒரு மில்லிங் மெஷின் கிடைக்காமல் அலைந்தவர்கள், அதை வாங்குவதற்கு இன்னொரு மில்லிங் மெஷின் தேட வேண்டும். பாய்தான் முதலில் சிரித்தார். "ரோடு இல்லாட்டியும் பரவால்லயாம்மா?"

"ரோடு எனக்கு எதுக்கு? கடக்கரையில இருக்கேன்."

மறுநாள் அவளே டவுனுக்கு வந்தாள். தன் மெஷினைத் தானேதான் தேர்ந்தெடுப்பேன் என்று சொல்லிவிட்டாள். லாஸ்பேட்டை மெஷினைத் தோளால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தாள். அது லேசாக அசைந்தது. "நோஞ்சான் உடம்பு," என்று வெளியே வந்துவிட்டாள். வாத்தியார் காடியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார், அதற்குள் அவள் தெருவில் இருந்தாள்.

பஞ்சாலை மெஷினைக் கண்டதும் நின்றாள். முதலில் தள்ளினாள். பிறகு முதுகைக் கொடுத்து உந்தினாள். முந்தானையை வரிந்துகொண்டு, கொண்டுவந்த கயிற்றை அதன் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டு, எங்கள் நால்வரையும் இழுக்கச் சொன்னாள். இழுத்தோம். மெஷின் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. முடிச்சு எங்கே உட்காருகிறது, கயிறு எங்கே உராய்கிறது என்று குனிந்து பார்த்தாள். மேஜைமேல் முழங்கையை வைத்து உயரம் பார்த்தாள்.

ஸ்டோர்காரர் தன் பாட்டை ஆரம்பித்தார். "பீரங்கி இரும்பும்மா. என்ன வேலைக்கு எடுக்கறீங்க?"

"போட்டு கட்ட."

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி மேலே உத்தரத்தைப் பார்த்தார்.

"பச்ச பெயிண்டு நல்லாருக்கு," என்றாள் அவள். "எங்க போட்டும் பச்சதான்." வெற்றிலை பாக்குத் தட்டை அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருவர், அந்த அம்மா, வாங்கிக்கொண்டார்.

லேத் விற்றதில் மிச்சமிருந்த பணம் பச்சை மெஷினுக்குப் போனது. ஒரே லாரியில் அதைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுக் கருப்பு மெஷினை ஏற்றி வரவேண்டும். கனகசெட்டிக்குளமும் பாண்டிச்சேரி எல்லைதான், நடுவில் மட்டும் கொஞ்ச தூரம் தமிழ்நாடு வந்துவிட்டுப் போகும். சோதனைச் சாவடியில், பாண்டிச்சேரியிலிருந்து பிராந்தி போகிறதா என்று பார்க்கும் போலீஸ்காரர் ஏறினார்.

"உள்ள இன்னா வெச்சிருக்க? தொற."

"தொறக்கற மெஷின் இல்லங்க," என்றேன்.

அவர் நம்பாமல் எல்லாப் பக்கமும் தட்டிக் கேட்டார். சாயங்காலம் நாங்கள் திரும்பியபோதும் அவரே இருந்தார். லாரியில் ஏறினார், மீன் எண்ணெய் வாடை அடித்ததும் இறங்கினார்.

"காலையில ஒண்ணு போச்சு, இப்ப ஒண்ணு வருது. இன்னாடா, மெஷினுக்கு மெஷின் சம்பந்தமா?"

முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். வண்டியை விட்டார்கள்.

விடுமுறையில் மிச்சமிருந்த நாட்களில் மச்சான் வீட்டுக்குப் போகவே இல்லை. அவரும் பாயும் பழைய திருகுகளைக் கழற்றி, புதியவற்றை மாட்டி, மோட்டார்களுக்குத் தாங்கிகள் செய்தார்கள். தாங்கிகளுக்கு லேத் வேண்டியிருந்தது. விற்ற லேத்தை வாங்கியவரிடமே போய்ப் பாய் வேலை செய்துகொண்டு வந்தார். "நல்லா வெச்சிருக்காங்க," என்று மட்டும் சொன்னார். மெஷினை எத்தனை முறை மண்ணெண்ணெயில் கழுவியும் வாடை போகவில்லை. ரெட்டியார்பாளையத்துப் பூனைகள் எல்லாம் பட்டறை வாசலில் குடியேறின. நான் மரக்கூட்டில் படுத்தால் பூனைகளுக்கு இடம் விட்டுத்தான் படுக்க வேண்டியிருந்தது.

மச்சான் ஊருக்குப் போகிற நாள், மெட்ராசுக்கு அழைத்துப் போகும் கார் வாசலில் நிற்கும்போதுதான் கடைசி ஒயரை மாட்டினார். தொழிற்சாலையிலிருந்து சோதனைக்கென்று கொண்டுவந்திருந்த மஞ்சள் நாடாவைப் பெட்டியின் வாயில் செருகினார். பொத்தான்களில் ஒன்றில் "தெபார்" என்றும் இன்னொன்றில் "அரே" என்றும் எழுதியிருந்தது. ஒன்று புறப்பாடு, ஒன்று நிறுத்தம் என்றார் முதலாளி. கற்பூரம் காட்டிவிட்டு முதல் பொத்தானை அவரே அமுக்கினார்.

மேஜை தானாக நகர்ந்தது. கைப்பிடி இருந்த இடத்தில் யாருமில்லை. இரும்புச் சீவல் சுருண்டு விழுந்தது. மேஜை வளைந்தது, நின்றது, யோசித்தது, திரும்பி வந்தது. பாய் ஸ்டூலைவிட்டு எழுந்து நின்றார். முதலாளியின் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டார். வந்தது பேரிக்காய்போல ஒரு தகடு, ஓரத்தில் ஒரு காடி, நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு குழி. மச்சான் அளந்து பார்த்து, "வுவாலா, இதோ" என்று அதை முதலாளி கையில் வைத்துவிட்டுக் காரில் ஏறினார். முதலாளி தெருமுனை வரை காரோடு ஓடினார். சந்தோஷத்தில் செருப்புப் போட மறந்துவிட்டார்.

மறுநாள் காலை ஒரு பம்பு கம்பெனிக்காரர் கொடுத்த மாதிரியை மேஜைப் பக்கத்தில் வைத்து, முதலாளி "தெபார்" பொத்தானை அமுக்கினார். மெஷின் பேரிக்காய் செய்தது. இன்னொரு கட்டையை மாட்டி மறுபடி அமுக்கினார். மறுபடி பேரிக்காய்.

"மாதிரிய அதுக்குத் தெரியற மாதிரி வைங்க," என்றார் அவர் மனைவி.

வேறு வடிவம் வேண்டுமானால் வேறு நாடா வேண்டும், அல்லது பொத்தான்களில் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்பது புத்தகத்தில் இருந்தது. முதலாளி பாரீசுக்கு எழுதினார். மச்சானின் மனைவி வீடு மாற்றும்போது பழைய புத்தகங்களையெல்லாம் சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டாளாம். அந்தப் பேரிக்காய் எதில் பொருத்துகிற சாமான் என்றும் கேட்டு எழுதியிருந்தோம். தான் பல வருடம் செய்ததாகவும், எங்கே போகிறது என்று யாரும் சொன்னதில்லை என்றும் பதில் வந்தது.

பையில் பேரிக்காய்களைப் போட்டுக்கொண்டு, யாருக்காவது இது வேண்டுமா என்று கடை கடையாக நான் அலைந்தேன். ஒருவர் கதவு தாழ்ப்பாளுக்கு ஆகும் என்றார். ஒருவர் காகிதம் பறக்காமல் வைக்க ஒன்று வாங்கினார். அலைந்ததில் ஒரு நன்மை. பாண்டிச்சேரியில் கம்ப்யூட்டர் மெஷின் இருக்கிறது என்று செய்தி பரவிவிட்டது. ஆட்கள் பார்க்க வந்தார்கள். முதலாளி பொத்தானை அமுக்குவார். மேஜை தானாக ஓடும். பார்த்தவர்கள் மேஜைக்கு அடியில் ஆள் இருக்கிறானா என்று குனிந்து பார்ப்பார்கள், பிறகு தங்கள் மாதிரியைக் கொடுத்து, இதேபோல் இத்தனை வேண்டும் என்று ஆர்டர் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அவர்கள் போனதும் பாய் பின்பக்கம் பேரிக்காயை வைஸில் இறுக்கி, மாதிரியைப் பக்கத்தில் வைத்து, அரத்தை எடுப்பார். பம்புக்காரருக்கு வேண்டியதாக, தறிக்காரருக்கு வேண்டியதாக ராவி எடுப்பார். வெறும் கட்டையிலிருந்து ராவலாமே, எதற்கு முதலில் பேரிக்காய் என்று கேட்டேன்.

"மெஷின்ல செஞ்சதுன்னு சொல்லிக் குடுக்கறோம்ல? பொய்யாயிடக் கூடாது," என்றார் பாய்.

அப்படியே பட்டறை ஓடியது. என் ரொட்டி முழுசானது. முதலாளி லேத் பற்றிப் பேசுவதை விட்டார். மழைக்காலம் தொடங்கியபோது எனக்குக் கால் அரித்தது. நாகப்பட்டினம் பக்கம் வேலை இருப்பதாக ஒரு லாரிக்காரர் சொன்னார், கிளம்பிவிட்டேன். நான் கிளம்பிய வாரம் மச்சானிடமிருந்து கடிதம் வந்திருந்தது. அடுத்த விடுமுறைக்கு வரும்போது இன்னொரு நாடா கொண்டுவருகிறாராம். தொழிற்சாலைக் குப்பையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார். அதில் இருப்பது என்ன வடிவம் என்று அவருக்கும் தெரியாது.